ஒன்பதாம் தேதி போட்ட கையெழுத்து

வகுப்பில் அவளுக்கு மைக்செட் என்று பெயர். பக்கத்தில் இருப்பவளிடம் ரப்பர் கேட்டாலும் அடுத்த வகுப்பு வரை கேட்கும். காரணம் வீட்டில் இருந்தது. அம்மா இருபத்திரண்டு வருஷம் நெசவாலையில் வேலை பார்த்தவள். ஒரே கூடத்தில் நாற்பது தறிகள். அத்தனையும் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அந்த இரைச்சல் அம்மாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முக்கால்வாசியை முடித்துவிட்டிருந்தது. ஆனால் தறிக்கூடத்துப் பெண்களுக்கு வேறொரு வித்தை கைவந்திருந்தது. காது வேலைக்கு ஆகாத இடத்தில் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். மேஸ்திரி முதுகைத் திருப்பினால் போதும், ஊர் வம்பு முழுவதும் சத்தமில்லாமல் அரங்கேறிவிடும்.

அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

காதுக்கென்றே ஒரு படிப்பு இருப்பதை முதலில் சொன்னது உயிரியல் டீச்சர்தான். பதினோராம் வகுப்பில் ஒருநாள் காதின் படத்தைப் பலகையில் வரைந்து, உள்ளே நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் பகுதியை விளக்கினார். மணி அடித்த பிறகும் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். சத்தத்தால் செத்துப்போன நரம்பு மறுபடி முளைக்குமா? மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற முடியுமா? டீச்சர் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தார்.

"காதைச் சோதிக்கறதுக்கும் மெஷின் பொருத்தறதுக்கும் தனியா ஒரு பட்டப்படிப்பே இருக்கு, தெரியுமா? மருத்துவக் கல்லூரியில நாலு வருஷம். இருபத்தெட்டு இடம்தான். உனக்குன்னே வச்ச மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. இரண்டு வருஷமும் டீச்சர் கூடவே இருந்தார். பழைய கேள்வித்தாள்களைத் தேடிக்கொடுத்தார். ஆய்வக நோட்டில் அவள் வரைந்த படங்களுக்குக் கீழே உருண்டை உருண்டையான கையெழுத்தில் 'மிக நன்று' என்று எழுதினார். தேர்வு முடிவு வந்ததும் தன் வீட்டுக்கே வரச்சொல்லி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கல்லூரி விண்ணப்பத்தை வரி வரியாக நிரப்ப உதவினார். அப்பா தொலைபேசியில் ஒரே வார்த்தைதான் சொன்னார். "நமக்கு இதெல்லாம் என்ன தெரியும்? டீச்சர் சொல்றபடி செய்ம்மா."

முதல் பட்டியலிலேயே பெயர் வந்தது. இருபத்தெட்டில் பதினொன்று. கூடவே ஒரு கடிதம்: பள்ளி மாற்றுச் சான்றிதழின் மூலப்பிரதியை இருபத்துநாலாம் தேதி மாலை நாலு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

அவள் ஐந்தாம் தேதியே பள்ளியில் சான்றிதழ் கேட்டு எழுதிக்கொடுத்தாள். பன்னிரண்டாம் தேதி போய்க் கேட்டபோது அலுவலக எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இன்னும் கையெழுத்தாகி வரலேம்மா. அடுத்த வாரம் பாரு."

பதினாறாம் தேதி போனாள். தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கிறார் என்றார் எழுத்தர். கல்லூரிக் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். அவர் அதை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் அவசரம்தான். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ள கை நுழையலேன்னா நான் என்ன பண்றது?" என்றார்.

நேராக ஆய்வகத்துக்குப் போய் டீச்சரிடம் முறையிட்டாள். அவர் கண்ணாடிக் குடுவைகளை எண்ணி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் போய்க் கொஞ்சம் கத்தட்டுமா டீச்சர்?"

"அய்யோ, வேண்டாம். நீ கத்தினா நடக்கற காரியமும் நடக்காது. அந்த ஆளு ஒரு மாதிரி. நான் பார்த்துக்கறேன். நீ தைரியமா வீட்டுக்குப் போ."

அவள் தைரியமாக வீட்டுக்குப் போனாள்.

பத்தொன்பதாம் தேதி அம்மாவும் கூட வந்தாள். அலுவலகத்துக்கும் வராந்தாவுக்கும் நடுவே பெரிய கண்ணாடித் தடுப்பு. அம்மாவை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, தலைமையாசிரியர் வந்துவிட்டாரா என்று பார்க்க அவள் மாடிக்குப் போனாள். அறை பூட்டியிருந்தது. திரும்பி வந்தபோது அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் சரியில்லை.

"வா, போகலாம்" என்றாள். பேருந்து நிறுத்தம் வரை முன்னால் வேகமாக நடந்தாள். அங்கே ஆளில்லாத ஓரமாக மகளை இழுத்து நிறுத்திச் சொன்னாள்:

"உன் சர்டிபிகேட் ரெடியா இருக்குடி. வேணும்னே வச்சிருக்காங்க."

"யாரு சொன்னா?"

"நீ மேல போனப்போ உங்க டீச்சர் ஆபீசுக்குள்ள வந்தாங்க. உன் வகுப்புப் போட்டோவில பார்த்த முகம்தான். என்னை அவங்களுக்குத் தெரியாது. அந்தாளு கேட்டாரு, இந்தப் பொண்ணோட சர்டிபிகேட்டை இன்னும் எத்தனை நாளைக்கு வச்சிருக்கணும்னு. அதுக்கு அவங்க, தேதி முடியட்டும், அப்புறம் நம்மகிட்டதான் வருவான்னு சொன்னாங்க."

மகளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசினதை நீ பார்த்துட்டியா? வேற யாரையாவது சொல்லியிருப்பாங்கம்மா."

"என் கண்ணு பார்த்துச்சு."

"பணமும் மணமும் உதட்டுக்கு ஒண்ணுதான்னு நீயேதானே சொல்லுவே? போன மாசம்கூட பக்கத்து வீட்டு அக்கா 'படம் பார்க்கப் போறோம்'னு சொன்னதை 'மடம் பார்க்கப் போறோம்'னு நினைச்சுக்கிட்டு எந்த மடம்னு கேட்டியே!"

அம்மா அதற்குமேல் வாதாடவில்லை. "நான் பார்த்ததைச் சொன்னேன். அப்புறம் உன் இஷ்டம்" என்றாள். பேருந்து வந்தது. இருவரும் தள்ளித்தள்ளி உட்கார்ந்து போனார்கள். அம்மாவின் சந்தேகப் புத்தியை நினைத்து மகளுக்கு எரிச்சலாக இருந்தது. தனக்காக இரண்டு வருஷம் உழைத்தவரைப் பற்றி இப்படியும் ஒரு பேச்சா?

இருபத்துநாலாம் தேதியும் சான்றிதழ் வரவில்லை. காலையில் கல்லூரிக்கே போய், சேர்க்கைப் பிரிவில் வரிசையில் நின்று, மதிப்பெண் பட்டியலை நீட்டி, நிலைமையைச் சொன்னாள். அங்கே இருந்த அதிகாரி தடித்த கண்ணாடி போட்ட அம்மாள்; கறாரானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்டார்.

"மூணு நாள் தர்றேன். இருபத்தேழு. அதுக்கு மேல என் கையில இல்லே."

அவள் ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கு வந்து டீச்சரிடம் சொன்னாள். டீச்சரின் முகத்தில் சட்டென்று ஏதோ ஒன்று வந்து போனது. சந்தோஷம் என்றுதான் அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

"மூணு நாளா? அது போதும். நாளன்னிக்கு உன் கையில இருக்கும்."

இருபத்தாறாம் தேதி, "நாளைக்குக் காலையில" என்றார். இருபத்தேழாம் தேதி காலை டீச்சரின் தொலைபேசி எடுக்கப்படவில்லை. அலுவலகத்தில் எழுத்தரின் நாற்காலி காலியாக இருந்தது. பகல் முழுக்க வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி ஆனபோது துப்புரவு அம்மாள் வந்து, "காலைத் தூக்கும்மா, தரை துடைக்கணும்" என்றாள். அவள் காலைத் தூக்கிக்கொண்டாள். துடைத்து முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. கையில் பளபளவென்று ஒரு கையேடு. பள்ளி நிர்வாகம் இந்த வருஷம் புதிதாகத் தொடங்கியிருக்கும் பட்டப்படிப்புக் கல்லூரியின் கையேடு அது. அட்டையில் இன்னும் கட்டி முடியாத கட்டடத்தை முடிந்ததுபோல் வரைந்திருந்தார்கள்.

"நடந்தது நடந்துபோச்சு. ஒரு வருஷம் வீணாகக் கூடாதில்லையா? எங்க கல்லூரியில உயிரியல் பிரிவு இருக்கு. உனக்காக ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். சர்டிபிகேட்டுக்குக்கூட நீ அலைய வேண்டாம். ஆபீஸ்லேருந்து ஆபீஸுக்கே மாத்திப்பாங்க."

அம்மா கதவருகே நின்று டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் முடித்ததும் கேட்டாள்:

"இருக்கற சர்டிபிகேட்டை மூணு வாரமா ஒளிச்சு வச்சுட்டு, இப்ப எடுத்துத் தர்றேங்கறீங்களா டீச்சர்?"

டீச்சருக்கு முகம் வெளுத்தது. "யாரு... யாரு அப்படிச் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க. ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு."

"இவ்வளவு பாடுபட்டதுக்கு எனக்கு இதுதான் மரியாதையா?" என்று டீச்சர் மகளைப் பார்த்தார். கண்கூடக் கலங்கியிருந்தது.

மகள் துடித்துப்போனாள். அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே தள்ளாத குறையாக, "நீ சும்மா இரும்மா!" என்று கத்தினாள். அது அம்மாவுக்கே கேட்டது. பிறகு டீச்சரிடம் திரும்பி, "மன்னிச்சிருங்க டீச்சர். அம்மாவுக்குக் காதும் கேக்காது, ஒண்ணும் புரியாது. ஏதோ தப்பா நினைச்சுட்டாங்க" என்றாள். வாசல் வரை போய் வழியனுப்பிவைத்தாள்.

அடுத்த நாள் அவள் பள்ளிக்குப் போனது சான்றிதழ் வாங்க அல்ல. அம்மா சொன்னது பொய் என்று எழுத்தர் வாயால் கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொல்லவேண்டும் என்றுதான் போனாள். கூட்டமில்லாத நேரம். எழுத்தரிடம் நேராகவே கேட்டாள்.

"சார், நான் எந்தக் காலேஜிலயும் சேரப்போறதில்லே. சேர்றதுக்குத் தேதியும் முடிஞ்சுபோச்சு. ஒரே ஒரு உண்மை மட்டும் சொல்லுங்க. என் சர்டிபிகேட் என்னிக்கு வந்துச்சு?"

அவர் வராந்தாப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட சின்னக் கட்டு ஒன்றை எடுத்து மேலே வைத்தார்.

"எனக்கும் பொண்ணு இருக்கும்மா. இந்தப் பாவம் எனக்கு வேண்டாம். உன்னோடதை எடுத்துக்கிட்டுப் போ. ஆனா என்னைத் திட்டாதே. நான் அம்புதான்."

முதலில் இருந்தது அவளுடைய சான்றிதழ். கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து, முத்திரை, தேதி. ஒன்பது. அவள் முதல்முறை வந்து கேட்டதற்கு மூன்று நாள் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

சான்றிதழோடு ஊசி குத்தி ஒரு துண்டுத்தாள் இருந்தது. 'நம் கல்லூரிக்கு வரவேண்டியவர்கள். நான் சொல்லும்வரை கொடுக்க வேண்டாம்' என்று எழுதி, கீழே ஆறு பெயர்கள். முதல் பெயர் அவளுடையது. உருண்டை உருண்டையான எழுத்து. யாருடையது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அவள் அந்த ஆறு பெயர்களையும் இரண்டு முறை படித்தாள். பிறகு தன் சான்றிதழையும் துண்டுத்தாளையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தாள்.

டீச்சர் தனியாகத்தான் இருந்தார். சான்றிதழைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மறுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு டீச்சரும் ஆறு பேரைச் சேர்க்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் வேலை கிடையாது. எனக்கும் குடும்பம் இருக்கு. நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஆயிரம் வாய்ப்பு வரும்."

"நான் ஏன் டீச்சர் முதல் பேரு?"

டீச்சர் பக்கத்தில் இருந்த குடுவையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"நூத்திப்பத்து பேர் எழுதினோம். ஏன் நான்?"

"மத்தவங்கன்னா வீட்டுலேருந்து ஆளு வந்து சண்டை போடுவாங்க" என்றார் டீச்சர் மெதுவாக. "நீ நான் சொன்னா கேப்பே."

அவள் சத்தம் போட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். ஊரைக் கூட்டும் குரல் அவளுடையது. ஆனால் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. அந்தப் படிப்பைச் சொல்லி ஆசை காட்டியதும் இந்த அறைதான், அதைப் பிடுங்கியதும் இந்த அறைதான். முழுக்க முழுக்க நம்பியதற்குத்தான் இந்தத் தண்டனை. கொஞ்சம் குறைவாக நம்பியிருந்தால் பட்டியலில் பெயரே வந்திருக்காது.

அங்கிருந்து நேராகக் கல்லூரிக்குப் போனாள். தடித்த கண்ணாடி அதிகாரி சான்றிதழை வாங்கித் தேதியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒன்பதாம் தேதியே கொடுத்திருக்காங்களே?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். முடிவில், "நேத்துக் காலையில உன் இடத்தைக் காத்திருப்போர் பட்டியல்ல முதல்ல இருந்த பொண்ணுக்குக் கொடுத்துட்டோம். அவ இப்ப வகுப்பில உக்காந்திருக்கா. அவளை எழுப்பிவிடச் சொல்றியாம்மா?" என்றார். கோபமாக அல்ல, உண்மையாகவே அவளிடம் கேட்பதுபோல.

"வேண்டாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தையல் மெஷினில் தலையணை உறைகளின் ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். மகள் எதிரே போய் நின்று சான்றிதழையும் துண்டுத்தாளையும் மெஷின் பலகைமேல் வைத்தாள். அம்மா படித்தாள். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் சொல்லியிருந்தால் மகளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அம்மா சொல்லவில்லை.

"உன்னை நம்பாமப் போயிட்டேம்மா."

"அது பரவாயில்லே. எனக்கே சில சமயம் என் கண்ணு மேல சந்தேகம் வரும்" என்றாள் அம்மா. கையிலிருந்த துணியை நீவிவிட்டாள். "ஆனா என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே அவங்ககிட்ட எனக்காக மன்னிப்புக் கேட்டே பாரு. உன் உதடு என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியாதா? அதை மறக்கக் கொஞ்ச நாளாகும்டி."

மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. மிச்சமிருந்த இரண்டு உறைகளைத் தைத்து முடித்தாள். பிறகு மெஷினை மூடிவிட்டு, "அந்தத் தாள்ல இன்னும் அஞ்சு பேர் இருக்கே. அவங்க வீடு எங்கேன்னு தெரியுமா?" என்றாள்.

மூன்று வீடுகள் தெரிந்தன. அன்று இருட்டுவதற்குள் மூன்றுக்கும் போனார்கள். மற்ற இருவரின் வீட்டை அந்த மூவர் காட்டினார்கள். ஒரு வீட்டில் தகப்பனார், "டீச்சரைப் போய் இப்படிச் சொல்றீங்களே" என்று கதவைச் சாத்தினார். பள்ளியின் பெயரைச் சொன்னால் தங்கைக்கு இடம் போய்விடும் என்று இன்னொரு பெண் பயந்தாள். கடைசியில் நாலு பேரும் அவரவர் அம்மாக்களுமாகக் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி துண்டுத்தாளைப் படித்தார், சான்றிதழின் தேதியைப் படித்தார், பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினார். மறுநாள் மதியம் ஐந்து சான்றிதழ்களும் வெளியே வந்தன. மூன்று பேருக்கு அவர்கள் கேட்ட படிப்பில் இன்னும் தேதி இருந்தது. சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் இவள் வீட்டுக்கு வந்து நன்றி சொன்னாள். கதவைச் சாத்தினவரின் மகளும் அந்த மூவரில் ஒருத்திதான்.

விசாரணை நடந்தது. எழுத்தரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். துண்டுத்தாளில் எழுதியவர் பெயர் இல்லை என்று டீச்சரை அந்த வேலையிலேயே விட்டுவைத்தார்கள். மேலிடம் என்று ஒன்று இருந்ததாக எந்தத் தாளிலும் இல்லை.

அப்பா லாரியிலிருந்து இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "டீச்சர் சொல்றபடி செய்னு சொன்னது நான்தானே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அந்த வருஷம் அவள் ஒரு காது மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். வருகிறவர்களின் பெயரைப் பதிவது, வரிசைப்படி உள்ளே அனுப்புவது. பாதிப் பேர் ஆலைத் தொழிலாளர்கள். இவள் பேசினால் அவர்களுக்கு மறுமுறை கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்தாள். இந்தமுறை தானே நிரப்பினாள். முந்தைய ஆண்டில் தேர்வு எழுதியவர்களுக்கு மதிப்பெண்ணில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். பதினொன்றாம் இடம் இருபத்தேழாம் இடமானது. ஆனாலும் கிடைத்தது. சான்றிதழை யாரிடமும் கொடுத்தனுப்பாமல், உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு தானே போய்க் கொடுத்தாள். ரசீது வாங்கும்வரை கையை மேஜையிலிருந்து எடுக்கவில்லை.

வகுப்பு தொடங்கி மூன்றாம் மாதம், சந்தை முனை நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது டீச்சரைப் பார்த்தாள். டீச்சர்தான் முதலில் கிட்டே வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"சேர்ந்துட்டேன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். பார்த்தியா, ஒரு வருஷம்தானே? எப்படியோ நல்லபடியா முடிஞ்சுது."

அவள் பேருந்து வரும் திசையைப் பார்த்தாள்.

"என்ன இருந்தாலும், அந்தப் படிப்பை உனக்குச் சொன்னது நான்தானே?" என்றார் டீச்சர். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது.

அவள் யோசித்துப் பார்த்தாள். அது உண்மைதான். அந்த உண்மையை அவளால் எங்கேயும் கொண்டுபோய்ப் போடமுடியவில்லை. இந்த மனுஷி கெட்டவள் என்று ஒரேயடியாக வெறுத்துவிட்டால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

"ஆமா டீச்சர். நீங்கதான் சொன்னீங்க" என்றாள்.

டீச்சர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். பேருந்து வந்தது. அவள் ஏறி, பின்பக்கம் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் ஒரு அம்மாள் கைப்பையோடு தடுமாறிக்கொண்டு ஏறி, "இந்தப் பையைக் கொஞ்சம் பிடிம்மா" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டாள். ஆனால் தன்னுடைய பையை இப்படி யாரிடமும் நம்பி நீட்டத் தன்னால் இனி முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.